புருலின் கயிறு

விருந்தாளி வந்தால் எங்கள் ஊர் பொய் சொல்லும். இதை நான் சொன்னேன் என்று தெரிந்தால் ஊரே என் மேல் பாயும். பாயட்டும். கூரை ஒழுகினால் அடியில் வைத்த வாளியை ஒளித்துவிட்டுச் சிரிப்போம். வீட்டில் மாவு இல்லையென்றால் அடுத்த வீட்டில் இரவல் வாங்கி, போர்சோக் என்கிற மாவுத்துண்டு பொரித்து, சாப்பாட்டு விரிப்பு நிறையக் கொட்டிவைத்து, "ஒண்ணுமே செய்யலீங்க, கோவிச்சுக்காதீங்க" என்போம். அடுத்த வீட்டுக் கம்பளம் நம் வீட்டுச் சுவரில் தொங்கும். அதைப் பார்த்து அந்த அடுத்த வீட்டுக்காரனே "அடேயப்பா, எவ்வளவு அழகான கம்பளம்" என்று வாய் கூசாமல் சொல்லுவான். மானம் என்று இதற்குப் பெயர். இந்த மானம் ஒரு பிள்ளையைத் தின்றது. அந்தக் கதைதான் இது.

என் பெயர் சகின். தலாஸ் பள்ளத்தாக்கில் வேன் ஓட்டுகிறேன். எங்கள் பக்கம் முழுக்க பீன்ஸ்தான். ஆண்கள் பாதிப்பேர் ரஷ்யாவில் இருக்கிறார்கள், வயல் வேலை பெண்கள் தலையில். பீன்ஸ் அறுவடைக்கு ஒரு கொடுமையான வழக்கம் உண்டு. பனி ஈரம் காய்வதற்குள் செடியைப் பிடுங்கிக் குவித்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் தொட்டவுடன் நெற்று வெடித்து, பயறெல்லாம் மண்ணில் சிதறிவிடும். அதனால் விடிவதற்கு முன்பே நான் தெருத்தெருவாக ஹார்ன் அடிப்பேன். பெண்கள் வெளியே வந்து, கதவைப் பூட்டி, சாவியை மார்புக்குள் போட்டுக்கொண்டு ஏறுவார்கள். பூட்டிய கதவுக்குள் பிள்ளைகள் தூங்கும். கைப்பிள்ளை என்றால் தொட்டிலில் துணியால் இறுக்கிக் கட்டியிருக்கும். நடக்கிற பிள்ளை என்றால் இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை இரும்புக் கட்டிலின் காலில். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வாய்க்கால் ஓடுகிற ஊர் இது. கட்டாமல் என்ன செய்வார்கள்? எந்த வீட்டில் கயிறு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டோம்.

பேசினவள் புருல் ஒருத்திதான்.

புருல் எங்கள் பின்தெருக்காரி. நாற்பது வயசு, ஆள் குட்டை, குரல் மட்டும் ஊர் எல்லைவரை கேட்கும். சட்டைப்பையில் எப்போதும் சூரியகாந்தி விதை இருக்கும். கொறித்துக்கொண்டே திட்டுவாள், திட்டிக்கொண்டே சிரிப்பாள். புருஷன் கணவாயில் லாரி உருண்டு செத்துப்போனான், பிள்ளை இல்லை. தங்கை சினாருக்குப் பிள்ளை இருந்தது, புருஷன் ஓடிவிட்டான். அந்தப் பெண் மாஸ்கோவில் ஏதோ அங்காடியில் தரை துடைக்கப் போனபோது, இன்னும் பால்குடி மறக்காத ஆக்மரலை அக்காவின் மடியில் போட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு இருவரையும் பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போனது நான்தான். சினார் ஏறிவிட்டாள், பேருந்து கிளம்பியும்விட்டது. புருல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி, "பல்லு மொளைச்சா போட்டோ அனுப்புறேன்டி!" என்று கத்தினாள். பிள்ளையை வேறு யார் வைத்திருந்தாலும் புருலுக்கு இருப்புக் கொள்ளாது. பிள்ளையும் அவளைத்தான் அம்மா என்றது.

ஊருக்கு நடுவே ஜூனுஷின் பயறுக் கிடங்கு இருக்கிறது. அது ஒரு காலத்தில் பால்வாடி. கூட்டுப்பண்ணை இருந்த நாளில் புருலின் அம்மா பால் கறக்கிறவள். கறவைக்காரிகளுக்காகவே அது விடியுமுன் திறக்கும். பிரமாதம் என்று நான் சொல்லவரவில்லை. கஞ்சி தண்ணியாக இருக்கும், காப்பாளர் சாவித்ரா கையில் சிக்கினால் காது பிய்ந்துவிடும், எனக்கே பிய்ந்திருக்கிறது. ஆனால் வாய்க்காலில் ஒரு பிள்ளையும் போனதில்லை. துண்டு மாட்டுவதற்குச் சுவரில் தாழ்வாக வரிசையாகக் கொக்கிகள் இருந்தன. எழுதப்படிக்கத் தெரியாத வயசு அல்லவா, ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம்: செர்ரி, காளான், படகு, பந்து. புருலுக்கு வாத்து. பண்ணை உடைந்தபோது கட்டடமும் விலைபோனது. அதிகாரத்தில் இருந்தவனுக்கு நெருக்கமாக இருந்த ஜூனுஷுக்குக் கிடைத்தது. சுவரை மறைத்து மூட்டை அடுக்கினான்.

"அந்த மூட்டைக்குப் பின்னாடி என் வாத்து இருக்கு, அண்ணே" என்பாள் புருல் வேனில். "ஆக்மரலுக்கு அதைத்தான் குடுப்பேன்."

ஆக்மரல் வந்த நாளிலிருந்து அவளுக்கு இதே வேலை. அறுவடை இல்லாத நாளெல்லாம் என் வேனில் ஏறி மாவட்ட அலுவலகத்துக்குப் போவாள். அவள் குரல் வாசலில் கேட்டதும் ஒரு எழுத்தர் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட கதையெல்லாம் உண்டு.

"என்ன புருல், இன்னைக்கும் ஆபீசா? அங்க உனக்கு மாப்பிள்ளை கீப்பிள்ளை பாத்திருக்காங்களா?" என்று நான் சீண்டுவேன்.

"பாத்தாலும் உன்னை மாதிரி வழுக்கையாத்தான் பாப்பானுங்க. நீ ரோட்டைப் பாத்து ஓட்டு."

அங்கே போய் என்ன கேட்பாள் என்பது எனக்கு மனப்பாடம். "விடியறதுக்கு முன்னாடி தெறக்குற பால்வாடி ஒண்ணு. ரெண்டு பொம்பளைக்குச் சம்பளம். பிள்ளைங்களுக்குச் சூடா கஞ்சி. பச்ச உடம்புக்காரி வீட்டை அப்பப்ப ஒரு நர்ஸ் வந்து எட்டிப் பாக்கணும். உங்க அப்பன் வீட்டுச் சொத்தையா கேக்குறேன்?" அவர்கள், உங்கள் ஊரில்தான் சொந்தபந்தம் இருக்கிறதே, ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ள மாட்டீர்களா என்பார்கள். "சொந்தபந்தமெல்லாம் எனக்கு அடுத்த பாத்தியில குனிஞ்சிக்கிட்டு இருக்குதுங்க ஐயா" என்பாள். ஒரு வசந்தத்தில் தன் முற்றத்திலேயே தெருப்பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நாளில் அவள் வீட்டிலேயே மாவு தீர்ந்தது, வயலுக்குத் திரும்பினாள். ஜூனுஷிடம் போய்க் கட்டடத்தில் ஓர் அறையாவது கேட்டாள்.

"எங்கடி வைக்கிறது மூட்டையை? என் தலைமேலயா?" என்றான் ஜூனுஷ். "நடக்கிற காரியமா பேசு."

கடைசியில் எந்தச் சாமி புண்ணியமோ, தலைநகரிலிருந்து ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. எந்த ஊருக்கு உண்மையிலேயே தேவையோ அந்த ஊருக்குப் பால்வாடி கட்டிக்கொடுத்து, சம்பளமும் கொடுப்பார்களாம். நேரில் பார்த்து முடிவு செய்வார்களாம். செய்தி வந்த அன்று புருல் என் வேனுக்குள் ஏறி உட்கார்ந்து அழுதாள். எங்கேயும் போகவில்லை, சும்மா உட்கார்ந்து அழுதுவிட்டு இறங்கிப்போனாள்.

எங்கள் ஊர்த்தலைவர் ஒமுர்பெக் கெட்டவர் இல்லை. ஆனால் 'குழு' என்ற வார்த்தை அவர் காதில் 'விருந்தாளி' என்றுதான் விழுந்தது. சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஆடு அறுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, வெள்ளைச் சட்டை மாட்டி, பாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். சட்டை இல்லாத பிள்ளைக்கு இருக்கிற பிள்ளையின் சட்டை. நல்ல முகவெட்டுள்ள வயசான பெண்களைத் தேடிப்பிடித்துப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார் மனிதர்.

"தலைவரே, நம்மளுக்கு இல்லைன்னு காட்டத்தானே அவங்களக் கூப்பிட்டிருக்கோம்? இப்படிப் பொண்ணு பாக்க வர்ற மாதிரி ஜோடிச்சு வெச்சா எப்படிக் குடுப்பாங்க?" என்று புருல் நேரிடையாகவே கேட்டாள்.

"வர்றவங்க முன்னாடி அழுக்கோட நிக்கச் சொல்றியா? அவங்க போய் நம்ம ஊரைப் பத்தி என்ன பேசுவாங்க?"

"அய்யோ, பேசட்டுமே! பேசறதுக்குத்தானே வர்றாங்க!"

ஒமுர்பெக் காதைப் பொத்தாத குறை.

அதனால் அவள் ஒரு திட்டம் போட்டாள். குழுவை ஆற்றுப்பாலத்திலிருந்து ஊருக்குள் கூட்டிவரத் தலைவர் ஏற்பாடு செய்திருந்தது என் வேனைத்தான். "உன் பாட்டுக்கு என் வீட்டு வாசல்ல நிறுத்திரு அண்ணே, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றாள். நிறுத்தினேன். வெள்ளைச் சட்டைகளையும் பாட்டையும் பார்ப்பதற்கு முன்பே குழுவின் தலைவி, கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், புருலின் வீட்டுக்குள் நுழைந்தார். தடுக்க ஒமுர்பெக் ஓடிவந்தார், முடியவில்லை. உள்ளே, தினமும் இருப்பதுபோல, ஆக்மரல் கட்டில்காலில் கட்டிய கம்பளிக் கயிறு இடுப்பில் இருக்க, தரையில் உட்கார்ந்து ஒரு கரண்டியை நக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சிரித்தாள். கயிறு எட்டும் தூரம்வரை நடந்துவந்து, எட்டாத இடத்தில் சட்டென்று நின்றாள். எங்கே நிற்கவேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குப் பழகியிருந்தது.

"இதைப் பாக்கத்தாம்மா உங்களைக் கூட்டியாந்தேன்" என்றாள் புருல். "பீன்ஸ் காலத்துல இந்தத் தெருவுல எந்தக் கதவைத் தெறந்தாலும் இதான். எங்க பிள்ளைங்களை நாங்க நாய் மாதிரி கட்டி வெச்சிட்டுப் போறோம். எங்களுக்கு ஒரு பால்வாடி குடுங்க. நீங்களே வந்து கயித்தை அவுத்துவிடுங்க."

அந்த அம்மாளின் முகம் வெளுத்தது. திரும்பி, வாசலில் கூடியிருந்த பெண்களைப் பார்த்து, "எல்லாரும் இப்படித்தான் கட்டுவீங்களா?" என்று கேட்டார்.

வாசலில் முன்னால் நின்றவள் கானிம், புருலுக்கு அடுத்த வீடு. அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். பழைய தலைத்துணியைக் கிழித்து முறுக்கின கயிறு அவள் வீட்டில் மெத்தைக்கு அடியில் இருக்கிறது. இதோ, கை நீட்டினால் எட்டும் தூரம்.

"ஐயையோ, நாங்களா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் கானிம். "பிள்ளையைக் கட்டுவாளா எவளாவது? எங்க பிள்ளைங்களை நாங்க மாத்தி மாத்திப் பாத்துக்குவோம் மேடம். இவ புருஷன் செத்ததுலருந்து கொஞ்சம் ஒரு மாதிரி."

"ஆமாங்க, ஒரு மாதிரி" என்றாள் இன்னொருத்தி. ஒவ்வொருத்தியாக ஆமாம் போட்டார்கள். புருல் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

குழு ஆட்டுக்கறி தின்றது, பாட்டுக் கேட்டது, குதிரைப்பால் குடித்தது. போகும்போது அந்த அம்மாள் புருலைத் தனியாகக் கூப்பிட்டார். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது. கத்தவில்லை, தன்மையாகத்தான் பேசினார். இது குழந்தையைக் கொடுமை செய்வது. பிள்ளையின் தாய் நாட்டில் இல்லை, நீ சட்டப்படி காப்பாளரும் இல்லை. இன்னொருமுறை அந்தக் கயிற்றை யாராவது பார்த்ததாக எனக்குத் தகவல் வந்தால், பிள்ளையை அரசு இல்லத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன் என்றார்.

"அப்ப நான் வயலுக்குப் போறப்ப இவளை என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள் புருல்.

"அக்கம்பக்கத்தில் இவ்வளவு அன்பான பெண்கள் இருக்கிறார்களே" என்றார் அந்த அம்மாள்.

பால்வாடி ஆற்றுக்கு அக்கரை ஊருக்குப் போனது. அந்த ஊர்த்தலைவர் சோம்பேறி, சுண்ணாம்பும் அடிக்கவில்லை, ஆடும் அறுக்கவில்லை. எங்களுக்கு வந்தது ஒரு பாராட்டுத்தாள், அதோடு 'பெற்றோருக்கான விழிப்புணர்வு வகுப்பு' ஒன்று. ஒமுர்பெக் பாராட்டுத்தாளைக் கண்ணாடி போட்டு மாட்டினார்.

அந்தக் கோடை முழுக்கப் புருலை வார்த்தையால் குத்திக்கொண்டே இருந்தார்கள். "நாய்க்கயிறு வர்றா பாரு" என்று வேனில் இடம் விடாமல் உட்காருவார்கள். ஒமுர்பெக், "இனி இந்த ஊரில் எந்த வீட்டிலும் கயிறு என்ற பேச்சே கூடாது" என்றார். கயிறு மற்ற வீடுகளில் இருந்தது, பேச்சுதான் இல்லை. புருல் ஒருத்திதான் உண்மையாகவே கயிற்றை அவிழ்த்தாள். பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று அவளுக்கு அப்படி ஒரு பயம். ரோட்டில் புது கார் தெரிந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாட்டுக்கொட்டிலில் ஒளிந்துகொள்வாள். கயிற்றைச் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டாள். வயலுக்குப் போகாமல் இருந்து பார்த்தாள், அடுப்பெரிய வேண்டாமா? கானிமிடம் போய், "நீங்கதான் மாத்தி மாத்திப் பாத்துக்குவீங்களாமே, இவளையும் பாத்துக்கோ" என்றாள். கானிம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளும்தானே வயலுக்குப் போகவேண்டும்.

அறுவடை வந்தது. நான் ஹார்ன் அடித்தேன். புருல் கதவைப் பூட்டிவிட்டு, திரும்பப் போய் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ஏறினாள். விதை கொறிக்கவில்லை.

"தூங்குறாளா?" என்றேன்.

"தூங்குறா. முழிச்சாலும் கதவைத் தாண்டி எங்க போயிருவா" என்றாள். அதை எனக்குச் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டாள்.

எங்கள் வீடுகளில் மடித்த மெத்தைகளைப் பெட்டிமேல் உயரமாக அடுக்கிவைப்போம். புருலின் வீட்டில் அந்த அடுக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில். மூன்று வயசு நிரம்பாத பிள்ளை, இடுப்பில் எதுவும் பிடித்து இழுக்காத முதல் அறுவடை அது. மெத்தைமேல் ஏறியிருக்கிறாள். ஜன்னலைத் தள்ளியிருக்கிறாள். வெளியே இறங்கி, அம்மாவைத் தேடித்தான் போயிருப்பாள். வேறு எங்கே போவாள்? வாசலுக்கு வெளியே வாய்க்காலில் தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது.

கீழ்த்தெரு மதகுக் கம்பியில் கிடந்தவளைத் தூக்கினவர்கள் என்னைக் கூப்பிட்டு, வயலுக்குப் போகச் சொன்னார்கள். போனேன். என் வேன் வரக்கூடாத நேரத்தில் வருவதைப் பார்த்து எல்லாப் பெண்களும் நிமிர்ந்தார்கள். எல்லாத் தாய்மாருக்கும் ஒரே பயம்தானே. நான் இறங்கி நடந்தேன். ஒவ்வொருத்தியாகத் தாண்டும்போது அவள் மூச்சு விடுவது கேட்டது. கடைசிப் பாத்தியில் புருல் பிடுங்கின செடியை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தண்ணியா அண்ணே?" என்றாள்.

தலையை ஆட்டினேன். அவள் செடிகளைக் குவியல்மேல் மெதுவாக வைத்தாள், நெற்று வெடிக்காமல். பிறகுதான் விழுந்தாள்.

அன்றே அடக்கம் செய்துவிட்டோம், அதுதான் எங்கள் முறை. சினார் வந்து சேர்ந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. விமான நிலையத்திலிருந்து கணவாய் தாண்டிக் கூட்டிவந்தேன். அவள் மடியில் ஒரு புதுச் சிவப்புக் குளிர்கோட்டு, சின்னது.

சின்னப் பிள்ளை சாவுக்குப் பெரிய கூட்டம் வைப்பது எங்கள் வழக்கமில்லை. ஆனால் துக்கம் கேட்க மாவட்டத் தலைவரே வருகிறார் என்று செய்தி வந்தது. தேர்தல் பக்கத்தில் இருந்தது, வேறென்ன. வானமோ பொத்துக்கொண்டு ஊற்றியது. புருலின் வீட்டில் அவரை எப்படி உட்காரவைப்பது? ஒமுர்பெக்குக்குத் தலை சுற்றியது. பிறகு ஜூனுஷைப் பார்த்தார். ஜூனுஷ் கிடங்கைப் பார்த்தான்.

கிடங்கு எவ்வளவு சீக்கிரம் காலியானது தெரியுமா? விமான நிலையத்துக்குக் கிளம்பும்முன் நான் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள். ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். வீட்டுக்கு நாலு மூட்டை, அஞ்சு மூட்டை என்று தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் தங்கள் வீட்டில் இறக்கினார்கள். பெண்கள் கூட்டிப் பெருக்கினார்கள். யாரோ அடுப்பு வைத்தார்கள். கம்பளங்கள் வந்தன. எத்தனை வருஷமாக 'நடக்கிற காரியமா' என்று கேட்ட காரியம்! நடந்தது. பிள்ளைகளுக்கு நடக்காதது விருந்தாளிக்கு நடந்தது. மூட்டைகள் போனதும் சுவரில், இடுப்பு உயரத்துக்கும் கீழே, அந்தக் கொக்கிகள் தெரிந்தன. செர்ரி. காளான். படகு. பந்து. வாத்து, மஞ்சள் நிறம் கொஞ்சம் உரிந்து.

சினாரைக் கூட்டிக்கொண்டு நான் நேரே அங்கேதான் வந்தேன். வாசலில் புருல் நின்றிருந்தாள். மூன்று நாளில் பாதியாகியிருந்தாள். இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எல்லோரும் வழிவிட்டு நின்றோம். சினார் அழவில்லை. அந்தச் சிவப்புக் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில் கேட்டாள்.

"ஏங்க்கா கட்டலை?"

"தெனமும் கட்டுவியே. போன்ல காட்டுவியே. நான் அதைப் பாத்துட்டுத்தானே நிம்மதியா வேலைக்குப் போவேன். ஏங்க்கா அன்னைக்குக் கட்டலை?"

புருல் வீட்டுப் பக்கமாக நடந்தாள். ஓடிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன்.

உள்ளே மாவட்டத் தலைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆறுதலாக இரண்டு வார்த்தை சொன்னார், கடவுள் கொடுத்தார், கடவுள் எடுத்துக்கொண்டார் என்றார். அப்போது புருல் நனைந்துபோய் உள்ளே வந்தாள். கையில் அந்தக் கம்பளிக் கயிறு. விரிப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்களுக்குப் பின்னால் போய், குனிந்து, கயிற்றை வாத்துக் கொக்கியில் மாட்டினாள்.

"புருல், பெரியவங்க சாப்பிடுறாங்க" என்றார் ஒமுர்பெக், பல்லைக் கடித்துக்கொண்டு.

"சாப்பிடட்டும். ஐயா, என் தங்கச்சி ஒரு கேள்வி கேக்குறா, எனக்குப் பதில் தெரியலை. நீங்க படிச்சவங்க, சொல்லிட்டுப் போங்க. ஏன் கட்டலைன்னு கேக்குறா. கட்டினா புடுங்கிட்டுப் போவோம்னு உங்க ஆளுங்க சொன்னாங்க. கட்டாதேன்னு சொன்னவங்க பாத்துக்க ஒரு எடம் குடுத்தாங்களா? இந்த எடத்தைத்தானே நான் கேட்டேன்? காலி பண்ண முடியாதுன்னாங்க. இன்னைக்கு உங்களுக்காக எவ்வளவு நேரத்துல காலியாச்சு, கேளுங்க இவங்களை. என் பிள்ளை உயிரோட இருக்கறப்ப இது ஏன் காலியாகலை?"

கானிம் தேநீர்ச் சட்டியோடு அப்படியே நின்றாள். மாவட்டத் தலைவர் கயிற்றைப் பார்த்தார், வாத்தைப் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தூக்கினார். "ஒமின்" என்றார். முகத்தைத் தடவிக்கொண்டார்.

விருந்தாளி அதைச் சொல்லிவிட்டால் விருந்து முடிந்தது, அதற்குமேல் யாரும் பேசக்கூடாது. எங்கள் கைகள் எல்லாம் தானாகவே எழுந்தன. ஒமுர்பெக்கின் கை, ஜூனுஷின் கை, என் கை, எல்லாம் முகத்துக்குப் போய் வந்தன. புருலின் கைகள் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் எழுந்தார், செருப்பை மாட்டினார், கார் போய்விட்டது.

பொழுது சாயும்போது ஜூனுஷ் மூட்டைகளைத் திரும்ப வைக்க ஆட்களோடு வந்தான். புருல் கொக்கிகளுக்குக் கீழே முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"எந்திரி புருல். துக்கம் இருக்கட்டும், ஊரெல்லாம் ஒழுகுது. பயறு நனைஞ்சு போகும்."

"நனையட்டும்."

"மொளைச்சுப் போகும்டி!"

"மொளைக்கட்டும். அதாவது இந்த ஊர்ல மொளைக்கட்டும்."

ஜூனுஷ் என்னைப் பார்த்து, "சகின், நீயாவது வண்டியை எடு, மூட்டையை ஏத்தலாம்" என்றான். வண்டி பழுது என்றேன். வண்டிக்கு ஒரு கேடும் இல்லை, அவனுக்கும் அது தெரியும். ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

மறுநாள் மழை விட்டிருந்தது. பீன்ஸ் காத்திருக்காதே. நான் ஹார்ன் அடித்தேன். கானிம் வெளியே வந்தாள், ஒரு பிள்ளை இடுப்பில், ஒன்று கையில். என் வேனைத் தாண்டிக் கிடங்குக்கு நடந்தாள். நானும் பின்னால் போனேன். புருல் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். கானிம் அவள் முன்னால் நின்று, தலைத்துணியைக் கிழித்து முறுக்கின தன் கயிற்றை எடுத்துக் காட்டினாள். புருல் அவளைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்க வேண்டும். "செர்ரியில மாட்டு" என்றாள். பிள்ளைகளை வாங்கிக்கொண்டாள்.

இப்போதும் அது அரசாங்கத்துப் பால்வாடி இல்லை. சம்பளம் இல்லை. எங்கள் ஊருக்குத் தேவையில்லை என்றுதான் தலைநகரில் பதிவாகியிருக்கிறது. ஜூனுஷ் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டான், வழக்குப் போடப்போவதாகச் சொல்கிறான். பெண்கள் தங்கள் கூலியிலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் மாவும் பாலும் கொண்டுவருகிறார்கள். குளிர் வந்தால் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. சினார் நாற்பதாம் நாள் முடிந்ததும் மாஸ்கோவுக்குப் போய்விட்டாள். புருல் கூப்பிட்டால் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது.

வசந்தத்தில் மறுபடி ஒரு குழு வருகிறதாம். நேற்று ஒமுர்பெக் வந்து, "சகின், சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்துர்றேன். அந்தக் கயிறுங்களை மட்டும் அன்னைக்கு எடுத்து வெச்சிரச் சொல்லேன். பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார்.

"நீங்களே சொல்லுங்க தலைவரே, உள்ளதான் இருக்கா" என்றேன்.

கதவுவரை போனார். நானும் எட்டிப் பார்த்தேன். வாத்தும் படகும் தவிர எல்லாக் கொக்கியிலும் துண்டு, துண்டுக்கு அடியில் ஒரு கயிறு. புருல் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த ஒரு பிள்ளை துண்டோடு சுவர்ப் பக்கம் போய், துண்டு இல்லாமல் கயிறு மட்டும் தொங்கிய கொக்கியைப் பார்த்து, "வாத்து எனக்கு" என்றது.

"அது ஆளிருக்கு கண்ணு" என்றாள் புருல், திரும்பிப் பார்க்காமல். "நீ படகை எடுத்துக்கோ."

ஒமுர்பெக் உள்ளே போகவில்லை. திரும்பி வந்து, வேனில் சாய்ந்துகொண்டு, என்னிடம் ஒரு சிகரெட் கேட்டார்.